பெரிய வளவை வாங்கித் துண்டு துண்டாக விற்பது: யாழ்ப்பாணத்தில் முதன்முறை இறங்குபவர்களுக்கு

பதினாறு பரப்பு வளவு ஒன்றை வாங்கி, நடுவில் ஒழுங்கை விட்டு, எட்டாகப் பிரித்து விற்றால் இலாபம் வரும் என்று தரகர் சொல்லுவார். வரலாம். அந்த இலாபம் கூடுமா குறையுமா என்பது நீங்கள் வாங்கும் நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடும். உறுதி (காணிப் பத்திரம்) சுத்தமா, காணியின் வடிவம் ஒழுங்கைக்கு இடம் கொடுக்குமா, ஒவ்வொரு துண்டிலும் கிணறும் மலசலகூடக் குழியும் தள்ளித் தள்ளி அமையுமா என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். விற்கிற விலையைப் பிறகு பேசலாம்.

அளவிலேயே முதல் சறுக்கல்

இன்று பேச்சில் வரும் பரப்பு என்பது 10 பேர்ச். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, ஆகவே ஒரு பரப்பு 2,722.5 சதுர அடி. 16 பரப்பு ஒரு ஏக்கர். பழைய உறுதிகளில் இருப்பதோ இலாச்சமும் குழியும். "வரகு விதைப்பரப்பு" என்று எழுதியிருந்தால் ஒரு இலாச்சம் 18 குழி, அது இன்றைய பரப்புக்குச் சமம். "நெல் விதைப்பரப்பு" என்றிருந்தால் ஒரு இலாச்சம் 12 குழிதான், அதாவது ஏறத்தாழ 6.67 பேர்ச். 16 இலாச்சம் நெல் விதைப்பரப்பை 16 பரப்பு என்று நினைத்து விலை பேசினால், கையில் கிடைப்பது பத்தரைப் பரப்பை ஒட்டியது. விலை பேச முன் உறுதியின் அட்டவணையில் இந்த ஒரு சொல்லைத் தேடி வாசியுங்கள்.

உறுதியில் உள்ள அளவும் நிலத்தில் உள்ள அளவும் ஒத்து வரும் என்றும் எண்ண வேண்டாம். கிளுவையும் பூவரசும் போட்ட கதியால் வேலி, ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் அரை அடி இங்கால், அரை அடி அங்கால் நகர்ந்திருக்கும். 264 அடி நீள வேலி இரண்டு அடி உள்ளே வந்திருந்தால் போனது 528 சதுர அடி, ஏறக்குறைய இரண்டு பேர்ச். ஆகவே விலையை மொத்தமாகப் பேசாமல் "அளந்து வரும் பரப்புக்கு இவ்வளவு" என்று பேசி, அப்படியே எழுத்தில் வையுங்கள்.

உறுதியை எப்படிப் பார்ப்பது

காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன், எழுத்தில் நடந்தால்தான் சட்டப்படி செல்லும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டம் முதல் இதுதான் நிலை. வெள்ளைத்தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கொடுத்த கடிதத்தை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

உங்கள் நொத்தாரிசைக் கொண்டு யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுகளுக்குத் தோம்பு (காணிப் பதிவேடு) பார்க்கச் சொல்லுங்கள். "உங்கள்" என்பதை அழுத்திச் சொல்கிறோம்: விற்பவர் கூட்டி வரும் நொத்தாரிசு போதாது. தேட வேண்டியவை இவை: ஈடு வைத்து இன்னும் விடுதலை எழுதாமல் கிடக்கிறதா, பெற்றோர் சீவிய உருத்தை (தாங்கள் சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு பிள்ளைக்கு நன்கொடை எழுதியிருக்கிறார்களா, வழக்குப் பதிவு உண்டா, இந்த ஆதனப்பெயரில் முன்பே ஒரு துண்டு வெட்டி விற்கப்பட்டுவிட்டதா. கடைசியாகச் சொன்னது அடிக்கடி நடக்கும். மூலப் பக்கத்தில் முழுக் காணியும் நிற்கும். வெட்டி விற்ற துண்டு வேறொரு பக்கத்துக்குப் போயிருக்கும். இரண்டு பக்கங்களையும் தொடர்ந்து பார்க்காதவருக்கு அது தெரியவராது.

1995 இடப்பெயர்விலும் அதற்கு முன்னும் பின்னும் வீட்டில் இருந்த உறுதிகளைத் தொலைத்த குடும்பங்கள் ஏராளம். மூல உறுதி இல்லை என்பதால் மட்டும் காணியை ஒதுக்க வேண்டியதில்லை. பதிவகத்தில் சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். ஆனால் உரிமையாளர் வெளிநாட்டில், உறுதி பிரதி, விற்பவர் அற்றோணித் தத்துவக்காரர் (உரிமையாளருக்காகக் கையெழுத்து வைக்க எழுத்தில் அதிகாரம் பெற்றவர்) என்று மூன்றும் சேர்ந்து வந்தால் அவசரப்படாதீர்கள். தத்துவம் கொடுத்தவர் இறந்த கணமே தத்துவமும் முடிந்துவிடும். உறுதி முடிக்கும் வாரத்தில் உரிமையாளருடன் காணொளி அழைப்பில் பேசுங்கள். தத்துவத்தில் விற்கும் அதிகாரம் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா, முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்பதையும் நொத்தாரிசு பார்க்க வேண்டும்.

வளவில் யாராவது குடியிருந்தால், எவ்வளவு காலமாக என்று விதானையாரிடமும் அயலவரிடமும் கேளுங்கள். பத்து ஆண்டுகள் உரிமையாளருக்கு எதிரிடையாக, தன்னுடையதாகவே அனுபவித்தவர் ஆட்சியுரிமை கேட்கலாம். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான போர்க்காலத்தில் தங்கள் உரிமையைக் காக்க முடியாமற் போனவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது என்றாலும், அதைச் சொல்லி நீங்கள் வழக்காடப் போகும் காலத்தில் உங்கள் முதல் முடங்கிக் கிடக்கும்.

பங்காளிகளும் தேசவழமையும்

"பிரிபடாத நாலில் ஒரு பங்கு" என்று உறுதியில் இருந்தால் அந்தக் காணியை நீங்கள் பிரித்து விற்க முடியாது. எல்லாப் பங்காளிகளும் கையெழுத்து வைத்துப் பங்கீட்டு உறுதி முடிக்க வேண்டும், இல்லையேல் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் பிரிவினை வழக்கு. அந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் போகும். இறுதித் தீர்ப்பு வந்தால் உரிமை உறுதியானதுதான். ஆனால் முதலீட்டுக்காக வாங்குபவர் அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது. அண்ணன் கனடாவில், தங்கை பிரான்சில், ஒருவர் எங்கே என்றே தெரியாது என்ற நிலையில் உள்ள காணி எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள்.

பங்கு விற்பனையில் இன்னொரு பொறியும் உண்டு. தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முன்கொள்வனவுச் சட்டப்படி, ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்க முன் மற்றப் பங்காளிகளுக்கு அறிவித்து, வாங்கும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும். அறிவிக்காமல் விற்றால் பங்காளி வழக்குப் போட்டு அந்தக் காணியைத் தன் பக்கம் திருப்ப முயலலாம். அறிவித்தல் கொடுத்ததற்கான எழுத்து ஆதாரத்தை உறுதியோடு சேர்த்து வையுங்கள்.

சீதனமாகவும் முதுசமாகவும் (பரம்பரைச் சொத்தாகவும்) வந்த காணியை மணமான பெண் விற்கும்போது, 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் வழியுரிமையும் சட்டத்தின் வழியில் கணவரின் எழுத்துச் சம்மதத்தை நொத்தாரிசு கேட்பது வழக்கம். மணத்துக்குப் பின் வாங்கிய காணி தேடியதேட்டமா (மணவாழ்க்கையில் தேடிய சொத்தா) என்பதையும் பாருங்கள். கணவன் இறந்திருந்தால் பிள்ளைகளின் பங்கு அதற்குள் இருக்கும்.

காணியைக் கார்த்திகையில் பாருங்கள்

ஆடியில் பார்த்தால் எல்லாக் காணியும் நல்ல காணி. கார்த்திகை மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள், தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தில் எந்த ஒழுங்கை மூழ்கியது என்று அயலவர்களைக் கேட்டால் விரலால் காட்டுவார்கள். வெள்ளவாய்க்கால் உங்கள் காணிக்குள்ளால் போகிறதென்றால் அதை மண் போட்டு நிரப்பி ஒரு துண்டாக்க நினைக்காதீர்கள். தண்ணீர் அடுத்தவர் வளவுக்குள் ஏறும், முறைப்பாடு உள்ளூராட்சிச் சபைக்குப் போகும், வாங்கியவரும் உங்களைத் தேடி வருவார்.

வயற்காணியாக இருந்தால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் எழுத்து அனுமதி இல்லாமல் வேறு தேவைக்கு மாற்ற முடியாது. இரவில் நாலு லோட் மண் கொட்டி மேடாக்கிய வயல்கள் மலிவாக வரும். கிட்டவும் போகாதீர்கள். அரச அனுமதிப்பத்திரக் காணியும் இந்தத் தொழிலுக்கு ஆகாது. கடற்கரையோரமென்றால் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரையான கரையோர வலயத்துக்குத் தனி அனுமதி தேவை. பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் தறிக்கப் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். ஒழுங்கை போகும் கோட்டில் எத்தனை பெண்பனை நிற்கிறது என்பதை முதலிலேயே எண்ணிவிடுங்கள்.

வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காணியைப் பற்றி மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறோம்: வெங்காயமும் புகையிலையும் விளைந்த மண்ணில் மதில் எழுப்பிவிட்டால் அது திரும்பி வராது. வீட்டுக்கு ஏற்ற பழைய குடியிருப்பு வளவுகள் கொக்குவிலிலும் அரியாலையிலும் கோண்டாவிலிலும் ஆள் இல்லாமல் கிடக்கின்றன. அவற்றைப் பிரியுங்கள், தோட்டத்தை விடுங்கள்.

கடதாசியில் பிரித்துப் பாருங்கள்

16 பரப்பை எட்டால் பிரித்தால் இரண்டு இரண்டு பரப்பு. மனக்கணக்கு இனிக்கும். ஒழுங்கையும் காணிக்குள்ளேதான் போக வேண்டும் என்பதை அது மறந்துவிடுகிறது.

165 அடி வீதி முகப்பும் 264 அடி ஆழமும் கொண்ட ஒரு ஏக்கரை எடுங்கள். நடுவில் 20 அடி ஒழுங்கை பின்வேலி வரை போனால் 5,280 சதுர அடி போய்விடும். அது 1.94 பரப்பு, மொத்தத்தில் 12 வீதத்துக்கு மேல். இரு பக்கமும் 72.5 அடி ஆழம் மிஞ்சும். பக்கத்துக்கு நாலு துண்டு வெட்டினால் ஒவ்வொன்றும் 66 அடிக்கு 72.5 அடி, அதாவது 17.6 பேர்ச். எட்டில் ஒன்றுகூட இரண்டு பரப்பு வராது. "இரண்டு பரப்பு" என்று விளம்பரம் போட்டு முன்பணம் வாங்கியவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்.

அதே காணியில் ஒழுங்கையை 198 அடியோடு நிறுத்துங்கள். இரு பக்கமும் மூன்று மூன்றாக ஆறு துண்டு, ஒவ்வொன்றும் அதே 17.6 பேர்ச். பின்னால் மிஞ்சும் 66 அடிப் பட்டையைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் 82.5 அடிக்கு 66 அடி, சரியாக இரண்டு பரப்பு இரண்டு கிடைக்கும். ஒழுங்கையின் முனை இரண்டுக்கும் பத்துப் பத்து அடி வாசல் கொடுக்கும். ஒழுங்கைக்குப் போனது 1.45 பரப்பு மட்டும். அரைப் பரப்பு மீண்டது. முனையில் வாகனம் திரும்பச் சபை இடம் கேட்டால் அதற்குப் பின் துண்டுகளில் கொஞ்சம் விட வேண்டி வரும். அதையும் வரைந்து பாருங்கள்.

இப்போது காசு. வாங்கும் விலை பரப்புக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், உண்மை விலையைப் பிறகு பெருக்கிக்கொள்ளலாம். 16 பரப்புக்கு 1,600. கைமாற்றுக்கான முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம் என்பதால் ஏறத்தாழ 64. மொத்தம் 1,664. முதல் வரைபடத்தில் விற்கக்கூடியது 14.06 பரப்பு, கைக்காசு திரும்ப மட்டும் பரப்பு 118 ரூபாய்க்கு விற்க வேண்டும். இரண்டாவதில் 14.55 பரப்பு, 114 போதும். நொத்தாரிசுக் கட்டணம், நில அளவை, சபைக் கட்டணம், கிரவல், மதகு, மின்கம்பம், தரகு, வட்டி எல்லாம் இதற்கு மேல். அக்கம்பக்கத்தில் சிறு துண்டு 125க்குத்தான் போகிறதென்றால் இந்தக் காணியை வாங்காமல் இருப்பதே கணக்கு.

முகப்பு ஒடுங்கி ஆழம் நீண்ட காணியில் ஒழுங்கை கூட விழுங்கும். இரண்டு பக்கம் வீதி உள்ள மூலைக்காணியில் ஒழுங்கையே தேவைப்படாமலும் போகலாம். அதற்குப் பரப்புக்குப் பத்து வீதம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

கிணறும் குழியும்

இதில் நேரம் செலவழியுங்கள். யாழ்ப்பாணத்தின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. மலசலகூடக் குழியில் விட்டது மண்ணில் வடிகட்டப்படாமல் கிணற்றுக்கு வந்து சேரும். கல் மேலேயே நிற்கும் கலட்டி நிலத்தில் இது இன்னும் விரைவு. கிணற்றுக்கும் குழிக்கும் ஆகக் குறைந்தது 50 அடி, முடிந்தால் 100 அடி வையுங்கள்.

நூறு அடி ஒரு சிறு துண்டுக்குள் கிடைக்காது, அதனால் எட்டுத் துண்டுக்கும் சேர்த்து ஒரே ஒழுங்கு போடுங்கள்: கிணறுகள் எல்லாம் ஒழுங்கைப் பக்கம், குழிகள் எல்லாம் பின்வேலிப் பக்கம். 72.5 அடி ஆழத்தில் இரு எல்லைகளிலிருந்தும் பத்துப் பத்து அடி விட்டால் நடுவே 52.5 அடி. பின்னால் உள்ள 82.5 அடித் துண்டுகளில் மூலைக்கு மூலை வைத்தால் 77 அடி வரை எட்டும். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால், உங்கள் ஐந்தாம் துண்டுக்காரர் வெட்டும் குழி ஆறாம் துண்டுக்காரரின் கிணற்றிலிருந்து பதினைந்து அடியில் வரும். வேலிக்கு அப்பால் எட்டிப் பார்க்கவும் மறக்க வேண்டாம். பின்வளவுக்காரரின் கிணறு உங்கள் வேலியோரம் இருந்தால் அந்தத் துண்டில் குழியை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

அளவு வரைபடத்தோடு கிணறு, குழி நிலைகளைக் குறித்த தனித்தாள் ஒன்றை வாங்குபவர் எல்லோருக்கும் கொடுங்கள். குழாய் நீர் வரும் பகுதியென்றாலும் இதைச் செய்யுங்கள். தாளையடிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 2024இல் திறந்தபின் இணைப்புகள் கூடி வருகின்றன, ஆனாலும் சனம் கிணற்றை விடப்போவதில்லை. சுன்னாகப் பக்கத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த பிறகு, வாங்க வருபவர் நீர்ப் பரிசோதனை அறிக்கை கேட்கக்கூடும். நீங்களே ஒன்றை எடுத்து வையுங்கள், நைத்திரேற்று அளவும் சேர்த்து.

வளவில் பழைய பங்குக் கிணறு இருந்தால், "கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு" என்று அயலவர் உறுதிகளில் எழுதியிருக்கும். அந்த உரிமையை உங்கள் மதில் அழிக்காது. வழியை வரைபடத்தில் காட்டி விடுங்கள், அல்லது பங்குக்காரர் ஒவ்வொருவரிடமும் உரிமை விடுதலை எழுதி வாங்குங்கள்.

சபையின் அனுமதி

வாங்கி முடித்த பிறகு சபைக்குப் போவது தலைகீழ் வேலை. முதலில் விற்பவருடன் நொத்தாரிசு முன் விற்பனை உடன்படிக்கை ஒன்றை எழுதி, ஆறு மாதம் போலத் தவணை எடுங்கள். உறுதி சுத்தமில்லை என்றாலோ உபபிரிவு அனுமதி கிடைக்காவிட்டாலோ முன்பணம் திரும்ப வர வேண்டும் என்பது அதில் இருக்கட்டும். அந்தத் தவணைக்குள் பதிவு பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து, வரைந்து, காணி எந்தச் சபைக்குள் வருகிறதோ (யாழ். மாநகரசபை, சாவகச்சேரி அல்லது பருத்தித்துறை நகரசபை, நல்லூர்ப் பிரதேச சபை என்று) அங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் மாதிரி வரைபடத்தைக் காட்டுங்கள். எத்தனை துண்டுக்கு எத்தனை அடி ஒழுங்கை, முனையில் திரும்ப எவ்வளவு இடம், பொதுவெளிக்கு ஒதுக்க வேண்டுமா, வீதி அகலிப்புக் கோடு உங்கள் முகப்பில் எவ்வளவு வெட்டுகிறது என்ற நாலையும் எழுதிக்கொண்டு வாருங்கள். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் எல்லைக்குள் குடியிருப்புத் துண்டின் பொதுவான குறைந்த அளவு 150 சதுர மீற்றர், ஏறத்தாழ 6 பேர்ச். அது சட்டத்தின் அடிமட்டம். ஆறு பேர்ச்சில் கிணறும் குழியும் எப்படி வைப்பது என்று மேலே போட்ட கணக்கைப் பாருங்கள்.

அளக்கும் நாளில் நாலு பக்கத்து அயலவரையும் கூப்பிடுங்கள். எல்லைக்கல் அவர்கள் கண்முன் விழட்டும். பிறகு வரும் எல்லைச் சண்டையில் பாதி அன்றே தீர்ந்துவிடும்.

விண்ணப்பத்துக்கு உறுதிப் பிரதி, தோம்புப் பிரதி, சோலைவரிப் பற்றுச்சீட்டு, சபை கேட்கும் எண்ணிக்கையில் வரைபடப் பிரதிகள் தேவைப்படும். அனுமதி முத்திரை விழாத வரைபடத்தைக் கொண்டு உறுதி முடிக்க வேண்டாம். அப்படி முடித்துத் துண்டை விற்கலாம்தான், பதிவும் ஆகிவிடக்கூடும். வாங்கியவர் வீடு கட்ட விண்ணப்பிக்கும்போது சபை திருப்பி அனுப்பும், வங்கியும் கடன் கொடுக்காது. மிச்சத் துண்டுகள் அதோடு விலைபோகாமல் நிற்கும்.

நிலத்தில் வேலை

இது எளிது. மேல்மண்ணை வழித்து, கிரவல் போட்டு, தண்ணீர் தெளித்து ரோலர் விட்டு இறுக்குங்கள். நடு உயர்ந்து இரு பக்கமும் சரியட்டும். வீதி வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் மதகு குழாயை ஒடுக்கமாகப் போட்டுக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். முதல் மழையிலேயே முகப்புத் துண்டு குளமாகும். மின் விநியோக அலுவலகத்தில் கம்பம் நீட்டிப்பு மதிப்பீட்டை ஒழுங்கை முழுவதற்கும் ஒரே முறையில் கேளுங்கள். துண்டுக்காரர் தனித்தனியே கேட்டால் எல்லோருக்கும் செலவு கூடும், கம்பம் யாருடைய வாசலிலாவது வந்து நிற்கும்.

விற்பதும் வரியும்

முழுக் காணியையும் உங்கள் பெயருக்கு எழுதாமல், உரிமையாளரோடு பதிவு செய்த உடன்படிக்கை வைத்து, செலவை நீங்கள் போட்டு, துண்டு உறுதிகளை அவரே நேரடியாக வாங்குபவருக்கு எழுதிக் கொடுக்கும் வழியும் உண்டு. மேலே சொன்ன 64 ரூபாய் முத்திரைத் தீர்வை மிஞ்சும். உரிமையாளர் நடுவில் இறந்தால் வாரிசுகளோடு முதலிலிருந்து பேச வேண்டி வரும் என்பது அதன் ஆபத்து. வயது போனவராக இருந்தால் இந்த வழி வேண்டாம்.

வாங்க வருபவர் புலம்பெயர்ந்தவர் என்றால் இலங்கைக் குடியுரிமை இருக்கிறதா என்று முன்பணம் வாங்க முன் கேளுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணி விற்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் வாங்கலாம். பெற்றோர் வழி உரித்தாக வருவதற்கும் விலக்கு உண்டு, ஆனால் அது உங்கள் விற்பனைக்கு உதவாது.

மூலதன ஆதாய வரி 2018 ஏப்ரலில் 10 வீதத்துடன் தொடங்கியது, பின்னர் உயர்த்தப்பட்டது. அதைவிடப் பெரிய கேள்வி வேறு. வாங்கி, பிரித்து, ஒழுங்கை போட்டு, அடுத்தடுத்து விற்பதை இறைவரித் திணைக்களம் வியாபாரமாகவே கொள்ளலாம். அப்போது இலாபம் வருமான வரிக்குள் போகும், வீதமும் மாறும். முதல் துண்டை விற்க முன் கணக்காளரிடம் ஒருமுறை இருந்து பேசுங்கள். கிரவலிலிருந்து எல்லாச் செலவுக்கும் பற்றுச்சீட்டு வைத்திருந்தால்தான் கழிக்க முடியும்.

கடைசியாக ஒழுங்கை. அதை அளவு வரைபடத்தில் தனித்துண்டாக இலக்கம் போட்டுக் காட்டுங்கள். ஒவ்வொரு துண்டு உறுதியிலும், அந்த இலக்கத்தின் ஊடாக ஆளும் வாகனமும் போய்வரவும், மின், நீர், தொலைபேசி இணைப்புக் கொண்டு செல்லவும் உள்ள உரிமை எழுதப்பட வேண்டும். இதை எழுதாமல் எட்டுத் துண்டையும் விற்றுவிட்டால் ஒழுங்கை உங்கள் பெயரிலேயே கிடக்கும், உங்களுக்குப் பின் உங்கள் பிள்ளைகளின் முதுசமாகும். இருபது வருடம் கழித்து வீடு விற்கப் போகும் ஒருவர் உங்கள் வாரிசுகளைத் தேடி உலகம் சுற்ற வேண்டி வரும். கடைசித் துண்டு விற்றதும் ஒழுங்கையைச் சபைக்குக் கையளிக்க எழுத்தில் விண்ணப்பித்து, பொறுப்பேற்ற கடிதத்தின் பிரதியை எட்டு வீட்டுக்காரருக்கும் கொடுங்கள்.